மூன்று நாள், ஒரே ஏரி

"இத்தாலியாவது, ஏரியாவது! கேமரன் மலைக்கே இன்னும் போய்ச் சேரவில்லை" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். என் அம்மாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

அம்மாவுக்கு வயது 71. முப்பத்திரண்டு ஆண்டுகள் பால்மரம் சீவியவர். "அடுத்த தீபாவளிக்கு போனஸ் வரட்டும், எங்கேயாவது போய் வருவோம்" என்று அப்பா ஆண்டுதோறும் சொல்வார். போனஸ் வரும், கூடவே பள்ளிக்கூடச் செலவும் வரும், கூரையும் ஒழுகும். இப்படியே போய், அப்பாவும் போய்விட்டார். அதன் பிறகுதான் சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பியும் நானும் அம்மா பேரில் ஒரு சீட்டுச் சேர்ந்தோம். இரண்டரை ஆண்டுகள் கட்டினோம்.

எங்கே போவது? அதற்கு விடை எங்கள் பழைய லயத்து அடுப்படியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டி அது. ஒரு நீல ஏரி, பின்னால் மலை, நடுவில் ஒரு வெள்ளைப் படகு. ஆண்டு முடிந்தும் அம்மா அதைக் கழற்றவே இல்லை. தேதிப் பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டார். புகை படிந்து நீலம் பழுப்பாகிவிட்டது. கீழே பொடி எழுத்தில் கோமோ ஏரி, இத்தாலி என்று ஆங்கிலத்தில் இருந்ததை ஆசிரியையான நானே முப்பது வருடம் கழித்துத்தான் படித்தேன்.

பயண நிறுவனம் ஒன்றில் விசாரித்தோம். ஒன்பது நாளில் ஆறு நாடுகள் என்று ஒரு திட்டத்தைக் கொடுத்தார்கள். நான் வாசிக்க வாசிக்க அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல நான் எப்ப பஸ்ஸ விட்டு எறங்குவேன்?"

அந்தத் தாளை அங்கேயே மடித்து வைத்துவிட்டேன். நாங்களே திட்டம் போட்டோம். நீங்களும் போடலாம். பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை.

முதலில் ஏரியைத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலியின் வடக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் நீளநீளமாகப் பல ஏரிகள் இருக்கின்றன. பனியாறுகள் மலையைக் குடைந்து விட்டுப்போன பள்ளங்கள் அவை. எல்லாவற்றிலும் பெரியது கார்டா, 370 சதுர கிலோமீட்டர். அதன் தெற்குக் கரையில் நாக்குப் போல நீண்டிருக்கும் சிர்மியோனே என்ற ஊரில் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் ஒரு கோட்டை உண்டு. அடுத்தது மஜ்ஜோரே, அதன் வடக்கு முனை சுவிட்சர்லாந்துக்குள் இருக்கிறது. மஜ்ஜோரேயின் கரையிலுள்ள ஸ்த்ரேசாவிலிருந்து படகேறினால் மூன்று சிறு தீவுகளைப் பார்க்கலாம். ஒன்று மீனவர் தீவு. இன்னொன்றை ஒரு பிரபு 1632-இல் தன் மனைவி இசபெல்லாவுக்காக அரண்மனைத் தீவாக மாற்றத் தொடங்கினார். 'அழகிய தீவு' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். சிர்மியோனேயும் ஸ்த்ரேசாவும் நல்ல ஊர்கள்தாம். ஆனால் மூன்று நாளில் மூன்று ஏரியையும் பார்க்கிறேன் என்று புறப்பட்டால் நீங்கள் பார்ப்பது மிலான் ரயில் நிலையத்தைத்தான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது கோமோ. பரப்பு 146 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவில் பாதி. தலைகீழாகப் பிடித்த கவட்டை போன்ற உருவம். மேலே ஒரு கை, கீழே இரண்டு கால். ஆழமோ 400 மீட்டருக்கும் மேல். நம் இரட்டைக் கோபுரத்தை உள்ளே நிறுத்தினால் உச்சிக் கூர் மட்டும்தான் வெளியே தெரியும் என்று என் மாணவர்களுக்குச் சொன்னேன். அன்றைக்கு முழுதும் அவர்கள் கணக்குப் பாடத்தில் வேறு எதையும் கேட்கவில்லை.

கவட்டை பிரியும் இடத்தில்தான் அழகான ஊர்கள் கூடியிருக்கின்றன. பிரியும் முனையில் பெல்லாஜியோ, கிழக்குக் கரையில் வரென்னா, மேற்குக் கரையில் மெனாஜியோ. மூன்றுக்கும் இடையே படகு ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பத்து, பதினைந்து நிமிடம். ஆகவே ஒரே ஊரில் அறை எடுத்துப் பெட்டியை ஒரே தடவை திறந்தால் போதும். எந்த ஊரில் தங்குவது என்றால், என் ஓட்டு வரென்னாவுக்கு. காரணம், அங்கே ரயில் வருகிறது. மிலான் மத்திய நிலையத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். லெக்கோ என்ற ஊரைத் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலில் ஏரி உங்களோடு கூடவே வரும். மறக்காமல் இடப்பக்கம் உட்காருங்கள். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுமுன் நடைமேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் அதற்கு முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் ஏறினால் அபராதம். மிலான் நிலையத்தில் கைப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

கார் வாடகைக்கு எடுக்கும் ஆசை வேண்டாம். சாலை ஒடுக்கம், நாம் ஓட்டும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், ஊருக்குள் நிறுத்த இடமும் கிடையாது.

இனி, கடப்பிதழ் விஷயம். மலேசியருக்கு இத்தாலிக்கு விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை சுற்றுலாவாக இருக்கலாம். ஆனால் அந்த நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் கடப்பிதழ் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். நாங்கள் போனது அதற்கு முன், 2025 மே கடைசியில். அம்மாவின் கட்டைவிரல் ரேகை நம் ஊர் இயந்திரத்திலேயே லேசில் விழாது. கத்தி பிடித்துத் தேய்ந்த விரல். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படித்தான் என்றால், இறங்கியவுடன் அடுத்த வண்டியைப் பிடிக்கும்படி திட்டம் போடாதீர்கள். வரிசையில் நிற்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள்.

எப்போது போவது? நவம்பர் முதல் மார்ச் வரை ஏரிக்கரை ஊர்கள் பாதி தூங்கும். தங்கும் விடுதிகள் பலவும் மூடியிருக்கும், படகும் குறையும். ஆகஸ்டில் இத்தாலிக்காரர்களே திரண்டு வருவார்கள். ஏப்ரல், மே, செப்டம்பர் நல்ல மாதங்கள். நான் ஆசிரியை; பள்ளி விடுமுறைதான் எனக்குப் பஞ்சாங்கம். விடுமுறை தொடங்கியதும் கிளம்பினோம். அங்கேதான் ஒரு தவறு செய்தேன். ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள். அந்த ஆண்டு அது திங்கட்கிழமை. சனி, ஞாயிறோடு சேர்த்து மிலான் நகரமே ஏரிக்கு வந்துவிட்டது. போகிற நாட்டின் பொது விடுமுறைகளையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

முதல் நாள் ஞாயிறு. காலையில் பெல்லாஜியோ, பிறகு எதிர்க்கரையில் கார்லோத்தா மாளிகை, பிற்பகல் மெனாஜியோ, மாலையில் வரென்னாவின் மேலுள்ள கோட்டை என்று ஒரு தாளில் மணிவாரியாக எழுதி வைத்திருந்தேன். நாற்பது வயதைத் தாண்டியும் பாடத் திட்டம் எழுதும் புத்தி போகவில்லை.

பெல்லாஜியோ படிக்கட்டுகளால் ஆன ஊர். படகுத்துறையிலிருந்து மேல் தெருவுக்குப் போக வேண்டுமானால் கூழாங்கல் பதித்த படிச்சந்துகளில்தான் ஏற வேண்டும். இருபுறமும் பட்டுத்துணிக் கடை, பூச்சட்டி, பார்க்க அழகுதான். கூட்டத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து படகேறி வந்த அம்மாவுக்கு முப்பதாவது படியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு மூடிய கதவின் முன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஆயிரம் வெள்ளி கட்டி அழைத்து வந்து ஒரு படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டோமே என்று தம்பியைப் பார்த்தேன். அவன் தாளை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மூவரும் மெதுவாகக் கீழே இறங்கி வந்து கரையோர மரநிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே ஏரி. வெள்ளைப் படகு ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா வெகு நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் படத்துல இருக்கிறது இந்தப் பக்கத்துலேருந்து எடுத்தது இல்ல, அங்கேருந்து எடுத்தது" என்று எதிர்க்கரையைக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் அந்தப் பெஞ்சை விட்டு எழவில்லை. கார்லோத்தா மாளிகையை நாங்கள் பார்க்கவே இல்லை. ஒரு தாய் தன் மகளின் கல்யாணத்துக்குக் கொடுத்த மாளிகை அது; ஏப்ரல், மே மாதங்களில் அசேலியா பூக்களுக்குப் பேர்போனது. சீதனம் அந்த அளவுக்குப் போனால் நமக்கு எதற்கு வம்பு என்று தம்பி சமாதானம் சொன்னான்.

உங்கள் வீட்டில் முழங்கால் வலிக்காரர் யாராவது இருந்தால், அறை பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். படகுத்துறையிலிருந்து எத்தனை படி? அறை எத்தனையாவது மாடி? மின்தூக்கி உண்டா? பழைய கட்டடங்கள் பலவற்றில் இருக்காது. ஜன்னலில் ஏரி தெரிகிறதா என்பதை நான்காவதாகக் கேட்டால் போதும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் வீட்டுப் பெண்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் சில சொற்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மன்ஸோ என்றால் மாடு, வித்தெல்லோ என்றால் கன்று, மயாலே பன்றி, பொல்லோ கோழி, பெஷ்ஷே மீன். 'ராகூ' என்று எழுதிய குழம்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். சோறு கிடைக்காதே என்ற கவலை வேண்டாம். அந்த வட்டாரமே அரிசி தின்னும் வட்டாரம். ரிசோத்தோ என்று குழைய வேகவைத்த சோறு. அதன்மேல் ஏரியில் பிடித்த பெர்சிக்கோ மீனை வறுத்து வைத்துத் தருவார்கள். அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டார். காரம்தான் இல்லை, அதற்கு நாங்கள் கொண்டுபோன ஊறுகாய் இருந்தது. காசு கொடுக்கும்போது, உட்கார்ந்து சாப்பிட்டதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் சேர்ந்திருக்கும். அது ஏமாற்று இல்லை, அவர்கள் வழக்கம். விடுதிகளிலும் ஊர் வரி என்று தனியாக ஆள் கணக்கில் வாங்குவார்கள். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. தெருக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்; 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

ஒரு கடையில் மூக்கைத் துளைத்தது ஒரு பழக்கமான வாசம். அம்மாதான் முதலில் பிடித்தார். கருவாடு! மிசொல்தீனி என்கிறார்கள். ஏரியில் கிடைக்கும் ஒரு மீனை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, நறுமண இலையோடு தகர டப்பாவில் அடுக்கி அழுத்தி வைக்கிறார்கள். சோளமாவுக் களியோடு தின்பார்களாம். களியும் கருவாடும்! பளிங்கு மாளிகைகளுக்குப் பின்னால் இருந்த ஏழை வீட்டுச் சாப்பாடு அது. இப்போது கடையில் அழகாகக் கட்டி விற்கிறார்கள்.

இரண்டாம் நாள் விடுமுறை நாள். படகுப் பக்கமே போகவில்லை. வரென்னாவில் ஏரியை ஒட்டிச் சிவப்புக் கம்பி அடித்த ஒரு நடைபாதை உண்டு. தண்ணீருக்கு மேலேயே நடப்பது போலிருக்கும். அதில் காலாற நடந்தோம். பிறகு ஊருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் ஃப்யூமெலாத்தே என்ற ஆற்றைப் பார்க்கப் போனோம். அந்தப் பெயருக்கு 'பால் ஆறு' என்று பொருள். மொத்தமே சுமார் 250 மீட்டர் நீளம். மலைப் பொந்திலிருந்து நுரைத்துக்கொண்டு வெளியே வந்து, பாலாகக் கொட்டி, ஏரியில் விழுந்துவிடுகிறது. இளவேனிலில் வரும், இலையுதிர் காலத்தில் நின்றுவிடும். லியொனார்டோ டா வின்சியே இதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அம்மா பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இவ்வளவு பாலா! இத யாரு நிறுக்கிறது?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

மூன்றாம் நாள் கோமோ நகரம். வரென்னாவிலிருந்து விரைவுப் படகில் ஒரு மணி நேரம் சொச்சம். மேற்குக் கரையை ஒட்டிப் போகும்போது மலைச்சரிவில் ஒரு சிற்றூரைத் தம்பி காட்டினான். தப்பி ஓடிய முசோலினியை 1945 ஏப்ரல் 28-இல் சுட்டது அங்கேதான். அம்மாவின் பெரியப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்டுத் திரும்பாதவர். ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் கூட்டாளியாக நின்றவர் இவர்தான் என்று சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த ஊர் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

கோமோ, மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ட்டா பிறந்த ஊர். ஆண்டு 1745. ஏரிக்கரையிலேயே அவருக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு எஞ்சின் போட்டு இரவு பத்துக்கு நிறுத்திய லயத்தில் படித்தவர்கள் அங்கே ஒரு நிமிடம் நிற்கலாம்.

ஆனால் நான் அம்மாவை அழைத்துப் போக விரும்பிய இடம் வேறு. கோமோ பட்டுக்குப் பேர்போன நகரம். கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் பட்டு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது; 1990-இல் திறந்தது. போக வர வாடகைக் கார் பிடித்தோம். அங்கே பல அருங்காட்சியகங்களுக்குத் திங்களன்று விடுமுறை. அதனால்தான் செவ்வாய்க்கு வைத்தேன். உள்ளே பட்டுப்புழு வளர்ப்பதிலிருந்து நூல் முறுக்கி, சாயம் ஏற்றி, அச்சடிப்பது வரை பழைய இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வட்டாரத்துக் குடியானவர்கள் முசுக்கொட்டை இலை பறித்து வந்து, தங்கள் வீட்டுக்குள்ளேயே புழு வளர்த்தார்கள். புழுவுக்குச் சூடு வேண்டும் என்பதால் வீட்டில் கணகணப்பான இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்தார்கள். பிறகு நூற்பாலை. கூட்டைக் கொதிக்கும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, நுனியைத் தேடி எடுத்து நூலாக இழுப்பது பெண்களின் வேலை. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளும் உண்டு. நாள் முழுதும் விரல் சுடுதண்ணீரிலேயே கிடக்கும். ஏரிக்கரை மாளிகைக்காரர்கள் உடுத்திய பட்டு இந்த விரல்கள் இழுத்த நூல்தான்.

இதையெல்லாம் வாசித்து வாசித்துச் சொன்னேன். அம்மா தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "அதுங்களுக்கும் விடியக்காலைல பிரட்டு எடுத்திருப்பாங்களா?"

எடுத்திருப்பார்கள், அம்மா. ஆலைச் சங்கு ஊதியிருக்கும்.

இன்று அந்த வீடுகளில் புழு இல்லை. கோமோ இப்போதும் பட்டு நெய்கிறது, அச்சடிக்கிறது. மூலப்பட்டு பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த கதையை நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று தோன்றியது. அந்த வேலைக்காரப் பெண்களின் இயந்திரத்தைக்கூடத் துடைத்து, விளக்குப் போட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு உலகத்துக்குக் காட்டுகிறார்கள். எங்கள் தோட்டத்து ஸ்டோர் இடிந்து காடாகக் கிடக்கிறது. அம்மாவின் மங்கும் கத்தியும் கொல்லைப்புறச் சாக்கில் இருந்தன. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அவற்றை எடுத்துத் துடைத்து, அம்மாவிடம் கேட்டுப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்திருக்கிறேன்.

செலவைக் கேட்பீர்கள். விமானச் சீட்டுதான் பெரிது. அதை ஆறேழு மாதம் முன்னதாக வாங்குங்கள். அடுத்தது அறை, ஏரிக்கரையில் எடுக்காமல் இரண்டு தெரு தள்ளி எடுத்தால் குறையும். படகுக்கு நாள் முழுதும் ஏறி இறங்கும் சீட்டும் உண்டு. இரண்டு ஊருக்கு மேல் போனால்தான் அது லாபம். பட்டுக் கைக்குட்டை வாங்கினோம், ஒன்றே ஒன்று. அம்மா அதை இன்னும் பிரிக்கவில்லை.

கடைசி நாள் காலை ஆறு மணிக்கு அம்மா பால்கனியில் நின்றிருந்தார். கோடையில் அவர்கள் நேரம் நமக்கு ஆறு மணி பின்னால். ஏரியில் வடக்கிலிருந்து மெல்லிய காற்று. காலையில் வடக்குக் காற்று, பிற்பகலில் தெற்குக் காற்று என்று அங்கே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். "இந்நேரம் அங்க பால் நிறுக்கிற நேரம்" என்றார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

இப்போது பக்கத்து வீட்டு அத்தையும் சீட்டுச் சேர்ந்திருக்கிறார். அவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. படி ஏறுவேன் என்கிறார். ஆனால் படகென்றால் பயமாம். ஆகவே மறுபடியும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ரயிலிலேயே போய் இறங்கும் ஊர்களாகப் பார்த்து.